ஒன்றாம் கேமராவில் என்னை ஏற்றியது எதற்கு

ஊ லா டின் என்னை ஏமாற்றினார். ஒன்று, வேலையில் இருந்த காலத்தில் ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது ஏமாற்றுகிறார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். யாங்கோனில் ஒரு விளையாட்டுச் சேனலில் நேரடி ஒளிபரப்பின் டைரக்டராக இருந்தவர். மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் உட்கார்ந்து, எந்தக் கேமராவின் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பார். நான் அவரிடம் கேமரா பிடித்தவள். வீட்டில் என் பெயர் கமலா. வேலையில் மா கின். இப்போது வயதாகிவிட்டதால் டோ கின், ஆண்களுக்குக் கோவும் ஊவும் போல. யாங்கோனிலேயே லான்மடா பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன், அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து லீக்கை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். இந்த முறை டிவி கிடையாது, ஃபோனில் காட்டுவார்களாம். முன்னைவிட அதிக ஊர்களைச் சேர்ப்பார்களாம். அதற்காக இளம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்து, பேசுவதற்கு ஊ லா டினைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஃபேஸ்புக்கில் வந்தது. அதில் ஒரு பையன் கேட்கிறான்: "சயா, உங்க மேட்ச்ல எல்லாம் ஸ்டாண்டு நிறைஞ்சே தெரியுமே, எப்படி?" சயா என்றால் இங்கே வாத்தியாரும் மேலதிகாரியும் எல்லாம்தான். ஊ லா டின் கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்: "அதுக்கு நான் ஒரு காசு செலவழிக்கலை. ஒரு பொம்பளையை மேலே ஏத்தினேன். ஆம்பளைங்க தானா எழுந்து வெயிலுக்குப் போயிட்டாங்க." வகுப்பே சிரிக்கிறது.

அந்தப் பொம்பளை நான்தான்.

என்னோடு கடைசி வருஷங்களில் வேலை செய்த மா ஸின் ஃபோன் செய்தாள்.

"டோ கின், அது நீங்கதானா?"

"ஆமா."

"அப்போ உங்களை ஒன்றாம் கேமராவுல போட்டது..." என்று இழுத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினாள். நல்ல பெண். ஆனால் அவள் விட்ட பாதிக் கேள்வி என்னை விடவில்லை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியாது. இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. பெண்ணின் கீழாடை ஆணின் தலைக்கு மேலே போகக் கூடாது. போனால் அவனுடைய பலமும் அதிர்ஷ்டமும் இறங்கிவிடும். அதனால் பெண்கள் கட்டும் தமெயினை, அதாவது எங்கள் லுங்கியை, ஆள் நடக்கிற வழிக்கு மேலே காயப்போட மாட்டோம். லாரியின் மேல்தட்டில் பெண் ஏற மாட்டாள். இது பர்மியர் வழக்கம் என்றாலும் எங்கள் தமிழ் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. என் அம்மா காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவாள். ஆனால் கொடியில் அப்பாவின் துணி மேலே, எங்கள் துணி கீழே. அப்பா பக்கத்து லத்தா பகுதியில் தராசு ரிப்பேர் செய்தவர். எடை சரியாக இருக்கிறதா என்று நூறு தடவை பார்ப்பார். இந்த வழக்கம் சரியா என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை.

சேனலில் நான் சேர்ந்த விதம் பெரிய கதை இல்லை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், ஆள் தேவைப்பட்டது, போனேன். கேபிள் சுருட்டினேன். பிறகு தரையில் நிற்கும் கேமரா கொடுத்தார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்ச், கோச்சின் முகம், மூலையில் இருந்து அடிக்கும் பந்து, இவைதான் என் பங்கு. மேலே ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றாம் கேமரா என்பது வேறு விஷயம். ஆட்டத்தில் பெரும்பகுதி அந்தக் கேமராதான். ஸ்டாண்டின் உச்சியில், நடுக்கோட்டுக்கு நேராக, மூங்கில் சாரத்தின் மேல் இருக்கும். பந்தைத் துரத்தக் கூடாது. துரத்தினால் படம் ஆடும், வீட்டில் பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். பந்து போகப் போகிற பக்கத்தில் வெற்றிடம் விட்டு, கை அசைவது தெரியாமல் திருப்ப வேண்டும். தோளில் இருந்து திருப்பக் கூடாது, இடுப்பில் இருந்து திருப்ப வேண்டும். அப்போது ஒன்றாம் கேமரா கோ ஸாவிடம் இருந்தது. அவர்தான் ஓய்வு நேரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "பந்தைப் பார்க்காதே, கின். பந்தைப் பார்க்கிறவனோட தோளைப் பார். அவனுக்கு முன்னாடி தெரியும்." காலி மைதானத்தில், கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது, அவருடைய கேமராவில் பழகினேன். கீழே தலைகள் இல்லாத நேரம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஊ லா டினின் குணத்தையும் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். மற்ற டைரக்டர்கள் ஹெட்போனில் திட்டித் தீர்ப்பார்கள். இவர் குரல் மெதுவாக வரும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. தப்பு செய்தால், "யாருக்கோ தூக்கம் வருது" என்பார். பெயர் சொல்ல மாட்டார், ஆனால் யாருக்கு என்று அந்த ஆளுக்குத் தெரியும். பாராட்டவே மாட்டார். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது நல்ல படம் கொடுத்தால், ஆட்டம் நடுவில் நிற்கிற நேரத்தில், வண்டிக்குள் இருக்கும் உதவியாளரிடம் "டீ" என்பார். ஒரே வார்த்தை. ஹெட்போன் போட்டிருக்கும் எல்லோருக்கும் கேட்கும். மோசமான நாளில் முழு ஆட்டமும் டீ இல்லாமல் போகும். "இன்னிக்கு சயா தாகத்துலயே செத்துப்போவார்" என்று கோ ஸா சிரிப்பார். யாருடைய படத்துக்கு டீ கேட்டார் என்று நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. அவர் சொல்ல மாட்டார்.

இனி லீக்குக்கு வருகிறேன். முதலில் அதில் யாங்கோன் கல்லூரிகள் மட்டும்தான் இருந்தன. பஸ்ஸில் போய் ஆடிவிட்டு பஸ்ஸில் திரும்பலாம். சேனல் உரிமையை வாங்கியதும் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, ஆட்டம் பிற்பகலுக்கு மாறியது. சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரைக்கும் இங்கிலாந்து ஆட்டங்கள் ஓடும், டீக்கடை முழுக்க அதைத்தான் பார்க்கும், அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்கள். இரண்டு, லீக்கில் வெளியூர்களைச் சேர்ப்பது என்று முடிவானது. தௌஞ்சி, மந்தலே, மௌலமியாய்ன், பாத்தேயின்.

பிற்பகல் ஆட்டத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. சூரியன் மேற்கில் இருக்கும். கேமராவுக்குப் பின்னால் வெயில் இருக்க வேண்டும் என்பதால் ஒன்றாம் கேமராவை மேற்கு ஸ்டாண்டில் வைப்போம். கூரை இருப்பதும் அங்கேதான், நிழல் இருப்பதும் அங்கேதான். அதனால் ஜனங்களும் அங்கேதான் உட்காருவார்கள், கேமராவின் காலடியில். கேமரா பார்ப்பது எதிரே உள்ள கிழக்கு ஸ்டாண்டை. அங்கே நல்ல வெயில், வெறும் சிமென்ட், ஒரு நாய். மைதானம் நிறைந்திருக்கும், டிவியில் ஒரு ஆளும் இருக்க மாட்டான்.

ஒரு நாள் ஊ லா டினிடமே கேட்டேன், "ஆட்டத்தைக் காட்டினால் போதாதா, சயா? ஸ்டாண்டு காலியா இருந்தா என்ன?"

"நீ வீட்டுல உட்கார்ந்து டிவி பார்க்கிறே," என்றார். "ஸ்டாண்டு நிறைஞ்சிருந்தா, ஐயோ நாம போகலையேன்னு தோணும். காலியா இருந்தா, நல்லவேளை போகலைன்னு தோணும். அப்படி நினைக்கிறவன் அடுத்த வாரம் டிவியையும் போட மாட்டான். அவன் போடாட்டி காபி மிக்ஸ்காரன் விளம்பரம் தர மாட்டான்."

"அப்போ வெளியூர் எதுக்கு?"

"யாங்கோன்ல வாங்கறவன் எல்லாம் நம்ம பெட்டியை வாங்கியாச்சு. தௌஞ்சியில வாங்கலை. அவங்க ஊர்ப் பிள்ளை ஆடினா வாங்குவான்."

பெட்டி என்றால் டிஷ்ஷோடு வரும் பெட்டி. அன்றைக்கு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் புரியவில்லை. ஆட்டம் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக ஊரைச் சேர்த்தார்களா, பெட்டி விற்க ஆட்டத்தைச் சேர்த்தார்களா?

விரிவாக்கிய லீக்கின் முதல் ஆட்டம் யாங்கோன் ஓரத்தில் உள்ள தாகேதாவில், அங்குள்ள கல்லூரி மைதானத்தில் நடந்தது. எதிரணி தௌஞ்சியில் இருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருந்தது. விளம்பரம் தருபவர்கள் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வெயில், கேமராவின் இரும்பைத் தொட முடியவில்லை. நான் என் பெஞ்ச் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஊ லா டின் வண்டியில் இருந்து இறங்கி வந்தார்.

"கின், இன்னிக்கு ஒண்ணு உனக்கு. கோ ஸா கோலுக்குப் பின்னாடி நிக்கட்டும்."

"சயா, கீழே ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க."

"தெரியும். பேண்ட்தானே போட்டிருக்கே."

ஏறினேன். பத்தடி ஏறுவதற்குள் கீழே முணுமுணுப்பு. வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்து, "தங்கச்சி, தப்பா ஏறிட்டே, இறங்கு" என்றார். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டேன். பேண்ட் போட்டாலும் பெண் பெண்தான். பெரியவர் எழுந்தார். அவரைப் பார்த்து நாலு பேர் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி, எதிர்ப்பக்கம் வெயிலுக்கு நடந்து போனார்கள். கோயிலை வலம் வருகிற மாதிரி இருந்தது. பெண்கள் அசையவில்லை. ஆண்கள் விட்ட இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அக்கா, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இரு. இப்பத்தான் காத்து வருது."

எனக்கு அழுகை வந்தது. வேலையும் போய்விடும் என்று நினைத்தேன். ஹெட்போனில் ஊ லா டினின் குரல் வந்தது, வழக்கம்போல் மெதுவாக: "ஒண்ணு, அகலமா காட்டு." காட்டினேன். கிழக்கு ஸ்டாண்டு முழுக்கத் தலைகள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு அறிவிப்பு. கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து குடைகளை மடக்க வேண்டும். ஆட்டம் மறைகிறது என்று காரணம் சொன்னார்கள். கிழக்கு ஸ்டாண்டில் குடை பிடித்தால் யாருக்கு ஆட்டம் மறையும்? முகம் மறையும், அவ்வளவுதான். அவர்களும் மடக்கினார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். இடைவேளைக்கு முன் ஒரு ஆள் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். தாகேதா அணியின் கோல்கீப்பருக்கு அப்பா என்று பிறகு தெரிந்தது. நாலு பேர் தூக்கினார்கள். என் படத்தின் வலது ஓரத்தில் அது தெரிந்தது. "ஒண்ணு, இடது பக்கம் வா," என்றார் ஊ லா டின். வந்தேன். அந்த மனிதர் பிழைத்தார், மறுநாள் வீடு திரும்பினார். ஆனால் அவர் என்னால்தான் அந்த வெயிலில் போய் உட்கார்ந்தார். நான் மேலே ஏறாவிட்டால் நிழலில் இருந்திருப்பார். இதை நான் இப்போது சொல்லவில்லை. அன்று ராத்திரியே சொன்னேன். கோ ஸா, "நீயா அவரைப் போகச் சொன்னே?" என்றார்.

இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபிறகும் ஆடிய பையன், தாகேதா கோல்கீப்பர், பந்தை நீளமாக உதைத்தான். காற்று அடித்தது. பந்து வெளுத்த வானத்தில் போய் மறைந்துவிட்டது. நான் பந்தைத் தேடவில்லை. தௌஞ்சியின் கடைசித் தடுப்பாளன் இடது பக்கம் ஓடினான், ஆனால் தாகேதாவின் ஒரு குள்ளப் பையனுடைய தோள் வலது பக்கம் திரும்பியது. நான் தோளோடு போனேன். பந்து என் படத்துக்குள் தானாக வந்து விழுந்தது, அவன் காலடியில். கோல்.

எதிர் ஸ்டாண்டு முழுக்க எழுந்து நின்றது. துண்டுகள் பறந்தன. கூட்டத்தோடு சேர்ந்து அந்தப் படம் அப்படியே நாடு முழுக்கப் போனது. பந்து நடுக்கோட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் ஹெட்போனில் கேட்டது:

"டீ."

அதற்குப் பிறகு ஒன்றாம் கேமரா என்னுடையது. வீட்டில் அம்மாவுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. "ஆம்பளைங்க தலைக்கு மேல ஏறி நின்னியாமே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சம்பளத்தையும் ஏத்தினானா?" என்று கேட்டாள். ஏற்றவில்லை. ஆனால் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். இந்த நாட்டில் கால்பந்துக்கு ஒன்றாம் கேமரா பிடித்த வேறு பெண்ணை நான் பார்த்ததில்லை. என் கைத்திறமைக்குக் கிடைத்தது என்று நினைத்திருந்தேன்.

லீக் எப்படி முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். படத்தில் எல்லா ஸ்டாண்டும் நிறைந்தது. ஆனால் பஸ், தங்கும் இடம், சாப்பாடு என்று கல்லூரிகள் திணறின. தௌஞ்சிக்காரர்களும் சீக்கிரம் பெட்டி வாங்கி முடித்தார்கள், அதன்பிறகு வாங்க ஆள் இல்லை. செலவைக் குறைக்கச் சின்னக் கல்லூரிகளை நீக்கினார்கள். தாகேதா முதலில் போனது. அந்த மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்க ஆட்டமே இல்லை. பிறகு கொரோனா, பிறகு மற்றவை. லீக் நின்றது, சேனலும் விளையாட்டை விட்டது. நிறைந்த மாதிரி காட்டியதால் யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் சொல்லட்டும்.

என் கேள்வி சின்னது. அன்று என்னை ஏற்றியது என் கைக்காகவா, ஆண்களை வெயிலுக்கு விரட்டவா? அந்த வீடியோவைப் பார்த்த நாளில் இருந்து பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் சேரவில்லை.

தௌஞ்சி மலை ஊர், குளிர். அங்கே ஜனங்கள் தாமாகவே வெயில் பக்கம் உட்காருவார்கள். அங்கே ஆண்களை விரட்ட என் கால் தேவையில்லை. ஆனாலும் என்னைத்தான் ஏற்றினார். அப்படியென்றால் கைக்காகத்தான். ஆனால் பாத்தேயினில் மழை முந்திக்கொண்டு வந்த ஒரு நாள், கோ ஸாவை மேலே போட்டு என்னைக் கீழே நிறுத்தினார். "சாரம் வழுக்கும்," என்றார். வழுக்கினால் கோ ஸாவுக்கு மட்டும் வழுக்காதா? மழையில் கூரையை விட்டு எந்த ஆணும் எழுந்து போக மாட்டான், யார் தலைக்கு மேலே நின்றாலும். அதனால் நான் மேலே நின்று பயனில்லை. அப்படியென்றால் காலுக்காகத்தான். மந்தலேயில் இறுதி ஆட்டம், டிக்கெட் முழுக்க விற்று இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. என்னை ஏற்றினார். அன்று கீழே இருந்த ஆண்கள் போக இடமில்லாமல் தலையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அது கைக்காகவா, பழக்கத்திலா?

கோ ஸாவைப் போய்ப் பார்த்தேன். இப்போது தாகேதாவில் மகனுடைய டயர் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க இடத்தை எனக்குக் கொடுத்தப்போ கோபம் வரலையா, அண்ணா?"

"வந்துச்சு. ரெண்டு நாள் பேசலையே, மறந்துட்டியா?"

"எதுக்குக் கொடுத்தார்னு நினைச்சீங்க?"

"நான் கிழவனாயிட்டேன்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "கின், முதல்ல என்னை எதுக்குப் போட்டார் தெரியுமா? எனக்கு உயரத்துல பயமில்லை, அதனாலதான். என் படம் நல்லா இருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லி என்ன? டீ குடிச்சவன் சொல்லணும்."

அவர் சொன்னது சரி என்று பட்டது. ஊ லா டினுக்கே ஃபோன் செய்தேன்.

"சயா, வகுப்புல சொன்னது நிஜமா?"

"கின், அது ஜோக். பசங்க தூங்கிட்டிருந்தாங்க."

"எது ஜோக்? நீங்க சொன்னதா, என்னை ஏத்தினதா?"

சிரித்தார். "உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரிந்தால் ஏன் கேட்கிறேன்? "வீட்டுக்கு வா, டீ குடிச்சுட்டே பேசலாம்," என்றார்.

போகவில்லை. போக மாட்டேன். அவர் வீட்டில் எனக்கு ஒரு பதில் சொல்வார், அடுத்த வகுப்பில் வேறு பதில் சொல்லிச் சிரிக்க வைப்பார். எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும்தான் பதில் வேண்டும். அந்த வகுப்பில் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்தியை மேலே ஏறச் சொல்வார்கள். எதற்காக என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. மா ஸின் என்னிடம் கேட்டு இதைப் பர்மிய மொழியில் எழுதி, உங்கள் வீடியோவுக்குக் கீழேயே போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தாகேதாவில் அந்த கோல் விழுந்தது. என் படத்தில் பந்தும் இருந்தது, நிறைந்த ஸ்டாண்டும் இருந்தது. நீங்கள் டீ கேட்டீர்கள். எதற்குக் கேட்டீர்கள்? அதே இடத்தில், அதே பிள்ளைகள் முன்னால், சிரிக்காமல் சொல்லுங்கள்.